முதலில் தாமே ஓடிப் பார்த்த ஆசான்



பள்ளியில் குறுக்கோட்டப் போட்டி நெருங்கும் நாள்களில் மாணவர்களை மாலை வேளையில் திடலுக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு பல ஆண்டுகளாக என்னிடம் இருந்து வந்துள்ளது. கையில் ஊதல், கழுத்தில் நிறுத்தக் கடிகாரம், நிற்பதற்கு ஒரு மரநிழல். இவையே என் கருவிகள். போட்டிக்கு இரண்டு வாரங்கள் இருக்கும்போது பயிற்சியைத் தொடங்குவோம். முதல் நாளிலேயே முழுத் தூரத்தையும் விரைவாக ஓடச் சொல்வேன். சிலர் பாதியில் நடப்பர். சிலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அமர்ந்துவிடுவர். அவர்களைச் சோம்பல் உடையவர்கள் என்றே நான் எண்ணியிருந்தேன்.

ஒரு நாள் மாலை நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் மூச்சு வாங்க என் முன்னே வந்து நின்றான். “ஐயா, நீங்க இவ்ளோ தூரம் ஓடியிருக்கீங்களா?” என்று கேட்டான். அதில் குறும்பு ஏதும் இல்லை. உண்மையிலேயே அறிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டான். “பேசாம ஓடு, நேரமாச்சு” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால், அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. நான் ஓடியதில்லை என்பதுதான் உண்மையான விடை.

அதன் பிறகு விளையாட்டுப் பயிற்சி பற்றித் தேடிப் படிக்கலானேன். அப்படிப் படித்தபோது அறிய வந்தவர்தான் நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட். மாணவர்களிடம் எதைக் கேட்பதற்கு முன்பும் அதைத் தம் உடலில் சோதித்துப் பார்த்தவர் அவர். அவருடைய வரலாற்றையும் அவரிடம் பயின்ற மர்ரே ஹால்பெர்க்கின் வரலாற்றையும் இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன். விளையாட்டில் ஈடுபாடு இல்லாதவர்களும் இதனைப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். இது கற்பித்தலைப் பற்றிய வரலாறும் ஆகும்.

ஐந்து மைல் தந்த அதிர்ச்சி

ஆர்தர் லிடியார்ட் 1917-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள் ஆக்லாந்தில் பிறந்தார். பல்கலைக்கழகக் கல்வி பெற்றவர் அல்லர். உடற்கல்வியில் பட்டம் எதுவும் இல்லை. காலணித் தொழிற்சாலையில் வேலை செய்தார். குடும்பத்தைக் காப்பாற்றப் பால் விநியோகமும் செய்தார். இளமையில் ரக்பி ஆடினார், ஓட்டப்பந்தயங்களிலும் கலந்துகொண்டார். தாம் நல்ல உடல்நலத்துடன் இருப்பதாகவே அவர் நம்பி வந்தார்.

அவருக்கு 27 வயது இருக்கும்போது, உள்ளூர் ஓட்டக் கழகத்தைச் சேர்ந்த ஜேக் டோலன் என்பவர் தம்முடன் ஐந்து மைல் ஓடி வருமாறு அழைத்தார். ஐந்து மைல் என்பது எட்டு கிலோமீட்டர். டோலன் அவரைவிட மூத்தவர்; ஆனால், இயல்பாக ஓடினார். இளையவரான லிடியார்ட்டோ மூச்சுத் திணறி, நெஞ்சு அடைத்து, கால்கள் துவண்டு போனார். இருபத்தேழு வயதில் இந்த நிலை என்றால் நாற்பத்தேழு வயதில் தாம் எப்படி இருப்போம் என்ற கேள்வி அவருக்குள் எழுந்தது.

அந்தக் கேள்விக்கு விடை காண்பதற்காகவே அவர் ஓடத் தொடங்கினார். அப்போது அவருக்கு மாணவர் எவரும் இல்லை. பயிற்சியாளராக வேண்டும் என்ற எண்ணமும் இல்லை.

தம் உடலே ஆய்வுக்கூடம்

அக்காலத்தில் ஓட்டப் பயிற்சி எப்படி இருந்தது என்பதை இங்கே சற்று விளக்குதல் வேண்டும். குறுகிய தூரத்தை மிக விரைவாக ஓடுதல், சிறிது ஓய்வு எடுத்தல், மீண்டும் ஓடுதல் என்னும் இடைவெளிப் பயிற்சியே உலகெங்கும் செல்வாக்குப் பெற்றிருந்தது. 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்ற செக்கோஸ்லோவாக்கிய வீரர் எமில் சடோபெக், 400 மீட்டரைத் திரும்பத் திரும்ப ஓடிப் பயின்றவர். 1954-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் ஒரு மைலை நான்கு நிமிடத்திற்குள் ஓடி முடித்த முதல் மனிதரான இங்கிலாந்தின் ரோஜர் பேனிஸ்டரும் அத்தகைய பயிற்சியையே மேற்கொண்டார்.

லிடியார்ட் வேறு வழியில் சிந்தித்தார். எவ்வளவு தூரம் ஓடினால் உடல் வலுப்பெறுகின்றது, எவ்வளவுக்கு மேல் ஓடினால் உடல் நலிகின்றது என்று ஏட்டில் தேடாமல் தம் உடலிலேயே தேடினார். சில வாரங்களில் மிகக் குறைவாக ஓடினார். சில வாரங்களில் 250 மைல் வரைகூட ஓடிப் பார்த்தார். அது நம் கணக்கில் 400 கிலோமீட்டர்! வேலைக்கும் போனார், குடும்பத்தையும் கவனித்தார். இடைப்பட்ட நேரத்தில் ஆக்லாந்தின் மேற்கே உள்ள மலைச்சாலைகளில் ஓடினார். இப்படி ஏறத்தாழ பத்தாண்டுகள் கழிந்தன. இடையே, 1950-இல் ஆக்லாந்தில் நடைபெற்ற பிரிட்டிஷ் பேரரசு விளையாட்டுகளில் மாரத்தான் ஓடினார். 1953, 1955 ஆகிய ஆண்டுகளில் நியூசிலாந்தின் மாரத்தான் வாகையராகவும் ஆனார்.

இந்த நீண்ட சோதனையின் முடிவாக அவர் கண்டறிந்தது இதுதான். வாரத்திற்கு ஏறத்தாழ 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர், மூச்சுத் திணறாத சீரான வேகத்தில் ஓடி வந்தால் உடல் உறுதியான அடித்தளத்தைப் பெறுகின்றது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியான இரத்தத்தைச் செலுத்தப் பழகுகின்றது. தசைகளுக்குள் நுண்குழாய்கள் பெருகி, உயிர்வளியைக் கொண்டு சேர்க்கின்றன. இந்த அடித்தளம் அமைந்த பிறகு கொடுக்கப்படும் விரைவுப் பயிற்சிதான் பயன் தரும். அடித்தளம் இல்லாமல் விரைவுப் பயிற்சி மட்டும் கொடுத்தால் ஓட்டக்காரர் சில வாரங்கள் ஒளிர்ந்து, பின்னர்ச் சோர்ந்துவிடுவார்.

எனவே அவர் பயிற்சியைப் படிநிலைகளாகப் பிரித்தார். முதலில் பல வாரங்கள் நெடுந்தூர ஓட்டம். அடுத்து மேட்டில் ஏறி ஓடும் பயிற்சி. அதன் பின்னரே ஓடுகளத்தில் விரைவுப் பயிற்சி. இறுதியாக, போட்டி நாளில் உச்ச நிலையை அடையும்படி உடலைக் கூர்மைப்படுத்துதல். ஒரு படி முடியாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். வேகத்தை மட்டும் பெரிதாகப் போற்றிய அக்காலத்தில் இது பலருக்கு விந்தையாகத் தெரிந்தது. 800 மீட்டர் ஓடுபவன் எதற்காக 35 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று கேட்டவர்கள் பலர்.

அக்கம்பக்கத்துப் பிள்ளைகள்

லிடியார்ட் மாணவர்களைத் தேடிப் போகவில்லை. அவர்களே அவரிடம் வந்து சேர்ந்தனர். அவரோடு அதே காலணித் தொழிற்சாலையில் வேலை செய்த லாரி கிங் என்னும் இளைஞர்தாம் முதலில் வந்தவர். லாரி கிங்கின் முன்னேற்றத்தைக் கண்டு மற்றவர்கள் வந்தனர். ஆக்லாந்தின் ஓவாய்ராக்கா வட்டாரத்தில் இருந்த அவருடைய வீடு, காலப்போக்கில் ஓட்டக்காரர்கள் கூடும் இடமாயிற்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் வைடாக்கரே மலைத்தொடரில் உள்ள வையாடருவா சாலையைச் சுற்றி 22 மைல் ஓடுவது அவர்களின் வழக்கம். ஏறுவதும் இறங்குவதுமான கடினமான பாதை அது. மாரத்தான் ஓடுபவரும் அதில் ஓடினார். 800 மீட்டர் ஓடுபவரும் அதில் ஓடினார். அந்தப் பாதையின் ஒவ்வொரு மேட்டையும் லிடியார்ட் முன்னரே பலமுறை ஓடி அறிந்திருந்தார். எங்கே மூச்சு வாங்கும், எங்கே கால் கெஞ்சும், எங்கே விட்டுவிடலாம் என்று மனம் சொல்லும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மாணவர்கள் அவருடைய சொல்லை நம்பியதற்கு இதுவே காரணம் என்று நான் கருதுகின்றேன்.

பயிற்சி அளிப்பது அவருக்குப் பிழைப்பு அன்று. அது விளையாட்டு வீரர்கள் ஊதியம் பெறாத காலம். பகலில் வேலை, எஞ்சிய நேரத்தில் மாணவர்கள் என்றுதான் அவருடைய நாள்கள் கழிந்தன.

செயலிழந்த இடக்கை

அவரிடம் வந்து சேர்ந்தவர்களுள் ஒருவர் மர்ரே ஹால்பெர்க். 1933-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் நியூசிலாந்தின் எக்கெட்டஹூனா என்னும் சிற்றூரில் பிறந்தவர். பின்னர் ஆக்லாந்தில் வளர்ந்தார். நியூசிலாந்துச் சிறுவர்களுக்கு ரக்பி என்றால் உயிர். ஹால்பெர்க்கும் அப்படித்தான் இருந்தார்.

1950-ஆம் ஆண்டில், பதினேழாம் வயதில், ரக்பி ஆட்டத்தின்போது அவர் கடுமையாக மோதி வீழ்ந்தார். இடது தோள்மூட்டு விலகியது. இரத்தக் குழாய்களும் நரம்புகளும் சிதைந்தன. உயிர் பிழைத்தார் என்றாலும் இடக்கை செயலிழந்து, காலப்போக்கில் மெலிந்து போயிற்று. உண்ணவும் உடுத்தவும் அவர் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு கையால் சட்டைப் பொத்தானைப் போட்டுப் பாருங்கள். அந்த இளைஞனின் நிலை ஓரளவு விளங்கும்.

ரக்பி இனி இல்லை என்றாகிவிட்டது. அந்த வயதில் ஒரு பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு! ஆனால், கால்கள் இருந்தன. மறு ஆண்டே அவர் ஓடத் தொடங்கினார். ஓடும்போது கைகளின் வீச்சு உடலைச் சமநிலையில் வைக்கிறது என்பதை நாம் அறிவோம். ஹால்பெர்க்குக்கு வலக்கை மட்டுமே வீசும். இடக்கையை மார்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, தோளைச் சற்று உயர்த்தியபடி ஓடினார். பார்ப்பவர்களுக்கு அந்த ஓட்டம் அழகாக இருந்திராது. லிடியார்ட் அந்தக் கையைப் பார்க்கவில்லை; அந்த இளைஞனிடம் இருந்த உறுதியைப் பார்த்தார். ஹால்பெர்க் பெரிய வீரர் ஆவார் என்று தொடக்கத்திலேயே அவர் நம்பினார்.

தோல்விகள் கற்றுத் தந்தவை

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, வெற்றிக்கு முந்திய ஆண்டுகள்தாம்.

1954-இல் ஹால்பெர்க் நியூசிலாந்தின் மைல் ஓட்ட வாகையர் ஆனார். அதே ஆண்டு வான்கூவரில் நடைபெற்ற பேரரசு விளையாட்டுகளில், பேனிஸ்டரும் ஆஸ்திரேலியாவின் ஜான் லேண்டியும் மோதிய புகழ்பெற்ற மைல் ஓட்டத்தில் அவரும் ஓடினார். ஐந்தாவதாக வந்தார். 1956-இல் மெல்பர்ன் ஒலிம்பிக்கின் 1,500 மீட்டர் இறுதிச் சுற்றில் பதினோராவது இடம்தான் கிட்டியது. இரண்டு பெரும் போட்டிகள், பதக்கம் எதுவும் இல்லை.

இந்த இடத்தில் பல பயிற்சியாளர்கள் மாணவனைக் கைவிட்டிருப்பார்கள். அல்லது, இன்னும் கடுமையாக விரட்டியிருப்பார்கள். பல பெற்றோர்கள், “உனக்கு இது சரிப்படாது” என்று சொல்லியிருப்பார்கள். ஆனால், ஆசானும் மாணவரும் தூரத்தை மாற்றினர். நீண்ட தூரத்திலேயே ஹால்பெர்க்கின் வலிமை முழுமையாக வெளிப்படும் என்று கண்டு, மூன்று மைல், 5,000 மீட்டர் ஆகிய ஓட்டங்களுக்கு அவர் மாறினார்.

பலன் விரைவிலேயே தெரிந்தது. 1958-இல் கார்டிஃப் நகரில் நடந்த பேரரசு விளையாட்டுகளில் மூன்று மைல் ஓட்டத்தில் அவர் தங்கம் வென்றார். அதே ஆண்டில், ஒரு மைலை நான்கு நிமிடத்திற்குள் ஓடிய முதல் நியூசிலாந்தர் என்ற பெருமையையும் பெற்றார். மைல் ஓட்டத்தை விட்டு விலகிய பிறகு மைலிலும் அவர் முன்னேறினார் என்பது கவனிக்கத்தக்கது. அடித்தளம் உறுதியானால் அதன் மேல் எதையும் கட்டலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ரோம், 1960 செப்டம்பர் 2

1960-ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக் நம்மவர்க்கும் நினைவில் இருக்க வேண்டியது. மலாயாவின் சார்பில் மணி ஜெகதீசன் தம் பதினாறாம் வயதில் ஓடியது அந்த ஒலிம்பிக்கில்தான். நியூசிலாந்தும் அப்போது சிறிய நாடே. அதன் மொத்த மக்கள்தொகை ஏறத்தாழ 24 இலட்சம்.

செப்டம்பர் 2-ஆம் நாள் மாலை, முதலில் 800 மீட்டர் இறுதி ஓட்டம். லிடியார்ட்டின் மாணவர் பீட்டர் ஸ்னெல் களத்தில் நின்றார். வயது 21. வெளியுலகம் அறியாத பெயர். எதிரே நின்றவர்களுள் ஒருவர் அந்தத் தூரத்தின் உலகச் சாதனையாளரான பெல்ஜியத்தின் ரோஜே மூன்ஸ். கடைசி நேரத்தில் உள்பக்கமாகப் பாய்ந்து வந்த ஸ்னெல், மூன்ஸை முந்தித் தங்கம் வென்றார். 800 மீட்டர் ஓடுபவனுக்கு 35 கிலோமீட்டர் எதற்கு என்று கேட்டவர்களுக்கு அன்று விடை கிடைத்தது.

ஒரு மணி நேரத்திற்குள் 5,000 மீட்டர் இறுதி ஓட்டம் தொடங்கியது. பன்னிரண்டரைச் சுற்றுகள். வழக்கமாக இத்தகைய ஓட்டத்தில் எல்லாரும் கடைசிச் சுற்றுக்காக ஆற்றலைச் சேமித்து வைத்திருப்பர். மணி ஒலித்த பின்னரே பாய்ச்சல் தொடங்கும். லிடியார்ட்டும் ஹால்பெர்க்கும் வகுத்திருந்த திட்டம் வேறு. மூன்று சுற்றுகள் எஞ்சியிருக்கும்போதே பாய்ந்துவிட வேண்டும். அந்த நேரத்தில்தான் ஓட்டக்காரர்களின் உடல் களைத்திருக்கும். மனமோ கடைசிச் சுற்றை எண்ணிச் சற்றுத் தளர்ந்திருக்கும். முன்னே பாய்ந்தவனைத் துரத்துவதா, விடுவதா என்று அவர்கள் முடிவெடுப்பதற்குள் இடைவெளி விழுந்துவிடும்.

இத்திட்டத்தில் பெரிய இடர் ஒன்று இருந்தது. எஞ்சிய 1,200 மீட்டரையும் தனியாக ஓட வேண்டும். ஆற்றல் இடையில் தீர்ந்துபோனால் எல்லாரும் கடந்து சென்றுவிடுவர். பதக்கமே இல்லாமல் போகலாம்.

தொடக்கச் சுற்றுகளில் ஹால்பெர்க் பின்வரிசையில் ஓடினார். கறுப்புச் சட்டை, மார்போடு ஒட்டிய இடக்கை. பிறகு மெல்ல முன்னேறினார். மூன்று சுற்றுகள் இருக்கும்போது திட்டமிட்டபடியே பாய்ந்தார். மற்றவர்கள் திகைத்து நின்ற அந்தச் சில நொடிகளில் இடைவெளி விழுந்தது. அடுத்த சுற்றில் அது 20 மீட்டருக்கும் மேலாக விரிந்தது.

ஆனால், கடைசிச் சுற்று கொடியதாக இருந்தது. கால்கள் கனத்தன, வேகம் குறைந்தது. திரும்பித் திரும்பிப் பின்னே பார்த்தபடி ஓடினார். கிழக்கு ஜெர்மனியின் ஹான்ஸ் குரோடோட்ஸ்கியும் போலந்தின் காசிமியெர்ஸ் சிம்னியும் நெருங்கிக்கொண்டே இருந்தனர். இடைவெளி சுருங்கியது, ஆனால், முற்றும் மறையவில்லை. 13 நிமிடம் 43.4 நொடியில் ஹால்பெர்க் எல்லையைத் தொட்டார். குரோடோட்ஸ்கி வந்தது 13 நிமிடம் 44.6 நொடியில். பன்னிரண்டரைச் சுற்றுக்குப் பின் இருவருக்கும் இடையே இருந்தது 1.2 நொடி மட்டுமே.

எல்லைக்கோட்டின் நாடாவைக் கையில் பற்றியபடியே ஹால்பெர்க் புல்தரையில் சாய்ந்தார். அந்த நிழற்படத்தை நான் பலமுறை பார்த்திருக்கின்றேன். அதில் வெற்றிக் களிப்பு இல்லை. தன்னிடம் இருந்த அனைத்தையும் கொடுத்துவிட்ட ஒரு மனிதன் கிடக்கிறான், அவ்வளவுதான்.

எட்டு நாள்கள் கழித்து மாரத்தான் ஓட்டம். எத்தியோப்பியாவின் அபெபே பிகிலா வெறுங்காலுடன் ஓடி வென்ற அந்த ஓட்டத்தில், மூன்றாவதாக வந்து வெண்கலம் பெற்ற பேரி மகீயும் லிடியார்ட்டின் மாணவரே. 800 மீட்டர், 5,000 மீட்டர், மாரத்தான் என மூன்று வெவ்வேறு தூரங்களில் மூன்று பதக்கங்கள். மூவரும் ஒரே நகரில், ஒரே ஆசானிடம், ஒரே மலைப்பாதையில் பயின்றவர்கள்.

வெற்றிக்குப் பின்

ஹால்பெர்க் 1961-இல் இரண்டு மைல், மூன்று மைல் ஓட்டங்களில் உலகச் சாதனை படைத்தார். 1962-இல் பெர்த்தில் மூன்று மைல் தங்கத்தைத் தக்கவைத்துக்கொண்டார். ஆனால், அவருடைய வாழ்வின் மிகப் பெரிய செயல் ஓடுகளத்திற்கு வெளியே நிகழ்ந்தது என்பேன். உடற்குறையுள்ள பிள்ளைகளும் விளையாட வேண்டும் என்ற நோக்கத்துடன் 1963-இல் அவர் ஓர் அறக்கட்டளையை நிறுவினார். நியூசிலாந்தின் தலைசிறந்த விளையாட்டாளர்களுக்கு ஆண்டுதோறும் வழங்கப்படும் விருதுகள் அவர் பெயரையே தாங்கின. 1988-இல் அவருக்கு ‘சர்’ பட்டம் கிடைத்தது. 2022-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள், 89-ஆம் வயதில் அவர் காலமானார். ஆடுகளத்தில் ஒரு கையை இழந்த இளைஞன், அதே குறையுடைய எத்தனையோ பிள்ளைகளுக்குக் கை கொடுத்துச் சென்றார்.

பீட்டர் ஸ்னெல் 1964-இல் தோக்கியோவில் 800 மீட்டர், 1,500 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். பின்னர் அமெரிக்கா சென்று படித்து, உடற்பயிற்சி உடலியலில் முனைவர் பட்டம் பெற்று ஆய்வாளர் ஆனார். ஆசான் ஓடிக் கண்டறிந்தவற்றின் காரணங்களை மாணவர் ஆய்வுக்கூடத்தில் தேடினார் என்பது எவ்வளவு பொருத்தம்!

லிடியார்ட் வாகையர்களோடு நின்றுவிடவில்லை. 1960-களின் தொடக்கத்தில், நடுத்தர வயதினரும் இதயநோய் கண்டு மீண்டவர்களும் மெதுவாக ஓடிப் பழகும்படி ஆக்லாந்தில் ஒரு மெதுவோட்டக் கழகம் உருவாகக் காரணமாக இருந்தார். 1962-இன் இறுதியில் அங்கு வந்த அமெரிக்கப் பயிற்சியாளர் பில் போவர்மேன் அவர்களோடு ஓடிப் பார்த்தார். தம்மைவிட மிக மூத்தவர், அதுவும் மாரடைப்பு கண்டு மீண்ட ஒருவர், தமக்கு ஈடுகொடுத்து ஓடியதைக் கண்டு வியந்தார். ஊர் திரும்பி அமெரிக்காவில் மெதுவோட்டத்தைப் பரப்பினார். பின்னாளில் ‘நைக்கி’ என்று பெயர் பெற்ற காலணி நிறுவனத்தை இணைந்து நிறுவியவரும் இதே போவர்மேன்தான். இன்று நம் பூங்காக்களில் காலையில் மெதுவோட்டம் ஓடும் பெரியவர்களின் பழக்கத்திற்குப் பின்னே ஆக்லாந்தின் அந்தச் சிறு கூட்டமும் இருக்கிறது.

1960-களின் பிற்பகுதியில் ஃபின்லாந்து அவரை அழைத்தது. ஒரு காலத்தில் நெடுந்தூர ஓட்டத்தில் கொடிகட்டிப் பறந்து, பின்னர்த் தாழ்ந்திருந்த நாடு அது. அங்குள்ள பயிற்சியாளர்கள் அவருடைய முறையைக் கற்றுத் தம் வழியில் வளர்த்தெடுத்தனர். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஃபின்லாந்தின் லாசே விரேன், 10,000 மீட்டர் ஓட்டத்தின் நடுவே கீழே விழுந்தும் எழுந்து ஓடி, உலகச் சாதனையோடு தங்கம் வென்றார். 5,000 மீட்டரிலும் வென்றார். லிடியார்ட் தம் முறையை மறைத்து வைத்துக்கொள்ளவில்லை. கேட்டவர்க்கெல்லாம் கற்றுக்கொடுத்தார். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள், 87-ஆம் வயதில், அமெரிக்காவில் சொற்பொழிவுப் பயணம் மேற்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. கடைசி நாள் வரை ஆசிரியராகவே வாழ்ந்தார்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

இங்கே ஓர் எச்சரிக்கை. வாரத்திற்கு 100 மைல் என்பது வளர்ந்தவர்களுக்கான அளவு. அதுவும் படிப்படியாகப் பழகியவர்களுக்கானது. அதைப் பிள்ளைகள் மீது ஏற்றிவிடக் கூடாது. சிறுவர்களைக் கடுமையான விரைவுப் பயிற்சியில் தள்ளுவதை லிடியார்ட்டே கண்டித்தவர். பிள்ளைகள் மகிழ்ந்து ஓட வேண்டும், மறுநாளும் ஓட வர வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். நடுத்தூர ஓட்டத்திற்கு அவ்வளவு மைல்கள் தேவையா என்ற விவாதமும் பயிற்சியாளர்களிடையே தொடர்ந்து வந்துள்ளது. எண்ணிக்கையில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால், முதலில் அடித்தளம், பிறகே வேகம் என்ற அடிப்படை நெடுந்தூர ஓட்டத்தில் வேரூன்றிவிட்டது.

வகுப்பறைக்குள் இதைப் பொருத்திப் பார்த்தேன். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்குத் தேர்வு நெருங்கும்போது பயிற்சித்தாள்களை அடுக்குவது, அடித்தளம் இல்லாத ஓட்டக்காரனுக்கு விரைவுப் பயிற்சி கொடுப்பது போன்றதே. சில வாரங்களுக்கு மதிப்பெண் உயரலாம். பிறகு பிள்ளை புத்தகத்தையே வெறுக்கத் தொடங்கும். நாள்தோறும் சிறிது நேரம், மூச்சுத் திணறாத வேகத்தில், விருப்பமான கதையை வாசிக்க வைப்பதுதான் வையாடருவா மலைப்பாதை. அதற்கு மாதங்கள் ஆகும், ஆண்டுகளும் ஆகலாம். பெற்றோர்களே, அந்தக் காலத்தை உங்கள் பிள்ளைக்குக் கொடுங்கள். ஹால்பெர்க்குக்கு மெல்பர்னில் கிடைத்தது பதினோராவது இடம். அன்றே அவரை அளந்து முடித்திருந்தால் ரோம் வந்திராது.

ஆசிரியர்களாகிய நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியை அந்த நான்காம் ஆண்டு மாணவன் அன்றே கேட்டுவிட்டான். பிள்ளைகளை வாசிக்கச் சொல்கிறோம், நாம் வாசிக்கின்றோமா? கட்டுரை எழுதச் சொல்கிறோம். அந்தத் தலைப்பில் நாம் ஒரு பக்கமாவது எழுதிப் பார்த்திருக்கின்றோமா? எழுதிப் பார்த்தால்தான் எந்த இடத்தில் பிள்ளை திணறும் என்பது நமக்குத் தெரியும். திருவள்ளுவர் ஆள்வினையுடைமை என்று ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். அதை மாணவர்களுக்கு மனனம் செய்யக் கொடுக்கும் நாம், நமக்கும் அது உரியது என்பதை மறந்துவிடுகின்றோம்.

அடுத்த ஆண்டு குறுக்கோட்டப் பயிற்சியை இரண்டு வாரங்களுக்கு முன் தொடங்கவில்லை. மூன்று மாதங்களுக்கு முன்பே தொடங்கினேன். வேகம் வேண்டாம், பேசிக்கொண்டே ஓடுங்கள் என்று சொன்னேன். ஊதலை மேசையில் வைத்துவிட்டு நானும் அவர்களோடு ஓடினேன். முதல் நாள் இரண்டாம் சுற்றிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. நடந்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த மாணவன் மட்டும் என் அருகிலேயே மெல்ல ஓடி வந்தான்.

“பரவாயில்ல ஐயா, நாளைக்கு மூணு சுத்து ஓடலாம்” என்றான்.

மறுநாள் மூன்று சுற்று ஓடினோம்.

அன்புடன்,
உங்களில் ஓர் ஆசிரியன்